எண்சுவடியும் வீசகணிதமும் வெள்ளிமலையும்

தமிழ்வழிக் கல்வியின் வரலாற்றில் 1855ஆம் ஆண்டு மூன்று நிகழ்ச்சிகளால் நினைவிற் கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்துக் கறல் விசுவநாதபிள்ளை இயற்றிய ‘வீசகணிதம்’ என்னும் நூல் அவ்வாண்டில் வெளிவந்தது. அவர் பயின்றதும் பயிற்றியதுமான வட்டுக்கோட்டைச் செமினரி அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. பிற்காலத்தில் சங்க நூல்களை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் பிறந்ததும் அதே ஆண்டில்தான். இம்மூன்றில் எதன் செய்தியும் கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலையை அன்று எட்டியிருக்க வழியில்லை. அங்கே பள்ளி இல்லை. மலை முழுவதும் சாகிர்தார்கள் மூவரின் ஆட்சியில் இருந்தது. அட்சரங்களைக் கொண்டு கணக்கிடும் கலை தமிழுக்கு எவ்வாறு வந்தது, அது மலையேறுவதற்கு ஏன் இத்துணைக் காலம் ஆயிற்று என்னும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கவிஞர்கள் கூடும் அவையில் கணக்கைப் பற்றி என்ன பேச்சு என்று வினவலாம். வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக வைத்தார். ஒன்றை விட்டு மற்றொன்றைக் கொள்ளவில்லை. பாரதியார் ‘கனவு’ என்னும் தம் தன்வரலாற்றுப் பாட்டில், பன்னிரண்டு ஆண்டுகள் கணிதம் படித்தும் வானத்து மீனொன்றின் நிலையை அறியாதவராக வெளிவரும் மாணாக்கரை நினைந்து வருந்தினார். அவருடைய குறை கணிதத்தின்மேல் எழுந்ததன்று. அது கற்பிக்கப்பட்ட முறையின்மேல் எழுந்தது.

திண்ணைப் பள்ளியின் கணக்கு

பழந்தமிழ்த் திண்ணைப் பள்ளியில் கணக்குக்கென நான்கு சுவடிகள் இருந்தன. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்பன அவை. மாணாக்கன் முதலில் மணலில் விரலால் எழுதுவான். பின்னரே ஓலை அவன் கைக்கு வரும். காலையிலும் மாலையிலும் அனைவரும் சேர்ந்து வாய்விட்டுச் சொல்ல, முன்னேறிய மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை மற்றவர்க்குச் சொல்லிக்கொடுப்பான். இந்தச் சட்டாம்பிள்ளை முறைக்கு ஒரு வெளிநாட்டுப் பயணமும் உண்டு. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல், இந்நாட்டுச் சிறுவர்கள் மணலில் எழுதக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகள் பல்லாயிரவர் அம்முறையிலேயே எழுத்தறிந்தனர். நம் தெருத் திண்ணை சென்ற தொலைவு சிறிதன்று.

நெல்லிலக்கத்தில் அளவைகள் அடுக்கடுக்காக வரும். செவிடு ஐந்து ஆழாக்கு. ஆழாக்கு இரண்டு உழக்கு. உழக்கு இரண்டு உரி. உரி இரண்டு நாழி. நாழி எட்டுக் குறுணி. குறுணி இரண்டு பதக்கு. பதக்கு இரண்டு தூணி. தூணி மூன்று கலம். ஒரு கலத்துக்குத் தொண்ணூற்றாறு நாழி என்பதை நெற்களத்தில் நிற்பவன் விரல் மடக்காமல் சொல்லிவிடுவான். பின்னங்களின் பரப்பு இதனினும் பெரிது. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. முந்திரி நான்கு ஒரு காணி. அஃது எண்பதில் ஒன்று. காணி நான்கு ஒரு மா. அஃது இருபதில் ஒன்று. முந்திரியையே மீண்டும் முந்நூற்றிருபதாகப் பகுத்தால் கீழ்முந்திரி. அஃது ஓர் இலட்சத்து ஈராயிரத்து நானூறில் ஒன்று. ஒரு முழுமையை இத்துணை நுண்ணியதாகப் பகுக்கும் பெயர்வரிசை சிற்றூர்த் திண்ணையில் சிறுவர்களின் நாவில் நடமாடியது.

இப்பெயர்களைத் தமிழிலக்கணம் பயின்றவர் நின்று நோக்க வேண்டும். மாகாணி என்பது மாவும் காணியும் சேர்ந்தது. இருபதில் ஒன்றையும் எண்பதில் ஒன்றையும் கூட்டினால் பதினாறில் ஒன்று வரும். மாகாணியின் மதிப்பும் அதுவே. பெயரே கூட்டலைச் செய்து முடித்துவிடுகிறது. இலக்கணத்தில் இஃது உம்மைத்தொகை. அரைக்கால் என்பதோ அரையும் காலும் அன்று. காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. அங்கே பெயர் பெருக்கலைச் செய்கிறது. காலே அரைக்கால் என்னும் வழக்கில் இரண்டு செயல்களும் ஒருங்கே நிகழ்கின்றன. அதன் மதிப்பு எட்டில் மூன்று. முழுவெண்களில் இது மேலும் தெளிவு. சிற்றெண் முன்னும் பேரெண் பின்னும் நின்றால் பெருக்கல், இருநூறு. பேரெண் முன்னும் சிற்றெண் பின்னும் நின்றால் கூட்டல், நூற்றிரண்டு. (பின்னங்களில் இவ்விதி அப்படியே செல்லாது; அரைக்காணியே சான்று.) இடையில் எந்தக் குறியும் இல்லாமல், நிற்கும் இடத்தாலேயே செயலை உணர்த்துவது எழுத்துக்கணிதத்தின் உயிர்நிலை. எண்ணையும் எழுத்தையும் அருகருகே வைத்தால் பெருக்கல் என்று எட்டாம் வகுப்பு மாணாக்கனுக்குச் சொல்லும்போது அவன் விழிக்கிறான். தன் தாய்மொழியில் இருநூறு என்று சொல்லுந்தோறும் அவன் செய்துவரும் செயல் அது என்பதை அவனுக்கு எவரும் சொல்வதில்லை. தமிழாசிரியர் அடுத்த அறையில் தொகைநிலைத்தொடர் நடத்திக்கொண்டிருப்பார். கணித ஆசிரியர் இந்த அறையில் கோவைகளை நடத்திக்கொண்டிருப்பார். இரு அறைகளுக்கும் நடுவே ஒரு சுவர்.

திண்ணைக்கு மேற்பட்ட கல்விக்குக் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இருந்தன. செய்யுளும் உரைநடையும் விரவிய நூல் அது. பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளிருக்கும் சுளைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் வழியொன்று அதிலுண்டு. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கச் சொல்லும் அக்கணக்கை முதியோர் சிலர் இன்றும் நினைவிலிருந்து சொல்வர். எல்லாப் பழமும் இவ்விதிக்குக் கட்டுப்படும் என்று எண்ண வேண்டா. கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டு தெரியாததை எட்டிப் பிடிக்கலாம் என்னும் துணிவை அது மாணாக்கனுக்குத் தந்தது. அதுவே அதன் பயன்.

இங்கு ஒரு நடுநிலை வேண்டும். திண்ணைப் பள்ளி பொற்காலம் என்று போற்றுவாரும், அது வெறும் மனப்பாடக் கூடம் என்று தள்ளுவாரும் ஒருபுடையாகவே பேசுகின்றனர். சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் ஆணையிட்டுத் தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பயின்றோர் ஏறத்தாழ 1,88,000 பேர். காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் 1983இல் இவ்வறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டபின், தமிழ் மாவட்டங்களில் உழுகுடிச் சாதிப் பிள்ளைகளே மாணாக்கருள் பெரும்பகுதியினர் என்பது பரவலாகத் தெரியவந்தது. கல்வி உயர்குலத்தார் சிலரிடமே முடங்கிக் கிடந்தது என்ற கருத்து அதனால் ஆட்டம் கண்டது. ஆயினும் அவ்வறிக்கைகளிலேயே பெண்பிள்ளைகள் மிகச்சிலர். ஒடுக்கப்பட்டோர்க்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை. மலைவாழ் மக்கள் அந்தக் கணக்கில் தனிவரியாகக்கூட வரவில்லை.

எழுத்தால் எண்ணுதல்

தெரியாத எண்ணுக்கு ஒரு பெயரிட்டு, அதனைத் தெரிந்த எண் போலவே நடத்தும் வித்தை இந்நாட்டிற்குப் புதிதன்று. பிரமகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே தெரியாத எண்களுக்கு வண்ணங்களின் பெயர்களை இட்டார். 1150ஐ ஒட்டிப் பாஸ்கரர் பீஜகணிதம் எழுதியபோது அவ்வழக்கு நன்கு வேரூன்றியிருந்தது. முதல் அறியாவெண் ‘யாவத்தாவத்’. அடுத்தவை கருமை, நீலம், மஞ்சள் என்னும் நிறங்களின் வடமொழிப் பெயர்கள். எழுதும்போது முதலெழுத்து மட்டும் நிற்கும்: யா, கா, நீ. தமிழ்ச் செவிக்கு ‘யா’ என்பது வினாவின் வேர். யாது, யாவை என்பன அதிலிருந்து பிறந்தவை. வடமொழிச் சொல்லோடு இஃது ஒத்தது தற்செயலே. எனினும் அறியாத ஒன்றுக்கு இதனினும் பொருத்தமான எழுத்து தமிழில் இல்லை எனலாம். அரபு நாட்டில் அல்குவாரிசுமி ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய நூலின் தலைப்பிலிருந்த ‘அல்ஜபர்’ என்னும் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் இக்கலையின் பெயராயிற்று. எக்ஸ், ஒய், செட் என்னும் எழுத்துகளை அறியாவெண்களுக்கு நிலைபெறச் செய்தவர் பிரெஞ்சு அறிஞர் தெகார்த்தே. அவருடைய நூல் 1637இல் வெளிவந்தது.

திண்ணைப் பள்ளியில் விடுகதையாக வழங்கிய கணக்கொன்றைக் கொண்டு இரு முறைகளின் வேறுபாட்டையும் காணலாம். ஒரு குளத்தில் சில தாமரைகள். சில பறவைகள் வந்தன. பூவுக்கு ஒன்றாக அமர்ந்தால் ஒரு பறவைக்குப் பூவில்லை. பூவுக்கு இரண்டாக அமர்ந்தால் ஒரு பூவுக்குப் பறவையில்லை. பூ எத்தனை, பறவை எத்தனை? திண்ணைச் சிறுவன் விரல்விட்டுச் சிறிய எண்களை மாற்றி மாற்றிப் பார்த்து மூன்று பூ, நான்கு பறவை என்பான். விடை சரி, ஆனால் பூக்கள் மூவாயிரமாயின் அவ்வழி பயன்படாது. எழுத்துக்கணிதம் பூவை ‘ம’ எனவும் பறவையை ‘ப’ எனவும் கொள்ளும். முதற்கூற்றின்படி ப என்பது ம கூட்டல் ஒன்று. இரண்டாம் கூற்றின்படி ப என்பது ம-வில் ஒன்று குறைத்து இரண்டால் பெருக்கியது. இரண்டும் ஒரே ப ஆதலால், ம கூட்டல் ஒன்று என்பதும் இருமடங்கு ம-வில் இரண்டு குறைந்தது என்பதும் சமம். ஆகவே ம மூன்று, ப நான்கு. விடையை அறியுமுன்னரே விடைக்குப் பெயர் வைத்து, அப்பெயரோடு வாதிட்டு விடையை வெளிக்கொணர்வது இம்முறை. உவமேயத்தைச் சொல்லாமல் உவமையை மட்டும் நிறுத்திப் பொருளை உணரவைக்கும் உள்ளுறையில் பழகிய தமிழனுக்கு இது கடினமான செயலாக இருந்திருக்க வேண்டியதில்லை.

வட்டுக்கோட்டை தந்த நூல்

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் எழுத்துக்கணிதமும் வடிவக்கணிதமும் வானநூலும் ஆங்கிலத்தில் நடந்தன. உடன் தமிழும் வடமொழியும் நடந்தன. அப்பள்ளி வளர்த்த மாணாக்கருள் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர். ஒருவர் எழுத்துக்கணிதத்தைத் தமிழாக்கினார். மற்றவர் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றினார். ஒரே கல்விச்சாலையிலிருந்து இவ்விரு பணிகளும் தோன்றியமை தமிழ்ப் பதிப்பு வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு எண்ணிப் பாராத செய்தியாகும். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தெளியும் பொறுமைக்கும் சமன்பாட்டை அடியடியாக எளிதாக்கும் பொறுமைக்கும் உறவு இருக்கத்தான் செய்யும்.

‘பீஜகணிதம்’ என்னும் வடசொல்லைத் தொல்காப்பியர் வகுத்த நெறிப்படி வடவெழுத்து நீக்கித் தமிழாக்கினால் ‘வீசகணிதம்’ ஆகும். பீஜம் விதை, விதையிலிருந்து மரம்போல், அறியாவெண்ணிலிருந்து விடை. ஆனால் தமிழில் வீசம் என்றால் பதினாறில் ஒன்று. நூலின் பெயரைக் கேட்ட திண்ணை ஆசிரியர் ஒருவர் இது மாகாணிக் கணக்குப் போலும் என்று எண்ணியிருந்தால் அவரைக் குறைகூற இயலாது. கலைச்சொல்லை ஆக்குவோர் அதன் பொருளோடு, கேட்பவன் காதில் அச்சொல் எதனோடு போய் ஒட்டும் என்பதையும் கருத வேண்டும் என்பதற்கு இப்பெயர் நல்ல சான்று.

நூல் வந்த ஆண்டிலேயே கல்விக்கூடம் மூடப்பட்டது. ஆங்கில உயர்கல்வி சமயப் பணிக்குத் துணைசெய்யவில்லை, தாய்மொழித் தொடக்கப் பள்ளிகளே போதும் என்று அமெரிக்காவிலிருந்த மிஷன் தலைமை கருதியது இதற்குக் காரணம். தமிழகத்திலோ சார்லசு உட் 1854இல் விடுத்த கல்விக் குறிப்பு பொதுமக்களுக்குத் தாய்மொழியில் கல்வி என்றது. நடைமுறையில் உயர்நிலைப் படிப்பு ஆங்கிலத்திற்கே போயிற்று. உயர்கணிதம் கற்க வேண்டுமாயின் முதலில் ஆங்கிலம் கற்க வேண்டும் என்னும் சுவர் எழுந்தது. தமிழில் எழுத்துக்கணித நூல் இருந்தும் பள்ளிகளில் அதற்கு இடமில்லாமற் போயிற்று.

சுவர் கரையத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில். 1916இல் இராசாசியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் கண்டு இதழும் நடத்தினர். சேலம் கல்வராயன் மலையின் மேற்கு அடிவாரத்திற்கு உரிய ஊர் என்பது இங்கே குறிக்கத்தக்கது. 1930களில் சென்னை மாகாணத் தமிழர் கூடி ஆயிரக்கணக்கான கலைச்சொற்களைத் தொகுத்தனர். உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி பயிற்றுமொழியாயிற்று. 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தோன்றியது. இவ்வழியில் நிலைபெற்ற சொற்கள் அழகியவை: இயற்கணிதம், சமன்பாடு, மாறி, மாறிலி, உறுப்பு, கோவை, பல்லுறுப்புக்கோவை. அகப்பொருட் கோவை பயின்றவன் பல்லுறுப்புக்கோவை என்ற சொல்லைக் கண்டு அஞ்சமாட்டான். எண்ணை எழுத்தோடு பிணைக்கும் உறுப்புக்குக் ‘கெழு’ என்று பெயரிட்டவர் சங்கத் தமிழில் தோய்ந்தவராகவே இருந்திருக்க வேண்டும். இலங்கைத் தமிழர் அதனைக் குணகம் என்பர். இயற்கணிதத்தை அட்சரகணிதம் என்பர். வீசகணிதம் என்னும் பெயர் இரு கரையிலும் நிலைக்கவில்லை. சொற்கள் தமிழாயின; எழுத்துகள் ஆகவில்லை. தமிழ்வழிப் பாடநூலிலும் மாறிகளாக நிற்பவை எக்ஸும் ஒய்யுமே. உலகத்தாரோடு ஒத்துச் செல்வதற்கு இது நன்று என்பது உண்மை. ஆயினும் முதல் ஓராண்டேனும் ம-வும் ப-வும் கொண்டு தொடங்கியிருந்தால், எழுத்து என்பது ஒரு பொருளுக்கு இட்ட பெயர் என்னும் உணர்வு குழந்தைக்கு எளிதில் வந்திருக்கும்.

எண்சுவடியின் முடிவு வேறு வகையில் வந்தது. உரூபாவுக்குப் பதினாறு அணா என்றிருந்த காலம்வரை வீசத்திற்குக் கடைத்தெருவில் வேலை இருந்தது; ஓர் அணாவே உரூபாவில் ஒரு வீசம். 1957 ஏப்பிரல் முதல் நாள் பதின்ம நாணயம் வந்தது. அதனை அடுத்து மெட்ரிக் அளவைகள் வந்தன. பத்தால் பெருக்குவதும் வகுப்பதும் எளிது, மாற்றம் வேண்டியதே. ஆனால் அரையும் காலும் முக்காலும் மட்டும் வாழ்ந்திருக்க, மாவும் காணியும் முந்திரியும் ஒரு தலைமுறைக்குள் வழக்கு ஒழிந்தன. காணி நில அளவாக நின்றது. முந்திரி பருப்பாக மட்டும் நின்றது.

மலைமேல்

கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தார்க்கும் இவர்க்கும் பெயரொற்றுமை அன்றி வேறில்லை. காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் மலைகளில் குடியேறிய கதையைத் தம் தோற்றமாகச் சொல்வர். பேசும் மொழி தமிழ். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் பெயர்களால் வழங்கிய மூன்று சாகிர்களின் கீழ் இம்மலை நெடுங்காலம் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்து, 1976இல்தான் அரசு இச்சாகிர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கீழே தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அச்சிட்ட இயற்கணிதப் பாடத்தை மாணாக்கர் ஆறாண்டுகளாகப் படித்துக்கொண்டிருந்தனர். மேலே குடியானவன் நிலத்திற்கு வரி யாருக்கு என்பதே அப்போதுதான் மாறியது.

ஆகவே சமவெளித் தமிழர் இருநூறு ஆண்டுகளில் கடந்த படிகளை மலைச் சிறுவர் ஒரு தலைமுறையில் தாண்ட வேண்டியதாயிற்று. அவர்களுக்குத் திண்ணைப் பள்ளியின் எண்சுவடி கிட்டவில்லை. அது கிட்டும் காலத்தில் மலை மூடிக்கிடந்தது. பள்ளி வந்தபோது எண்சுவடி போய்விட்டது. கணக்கே அறியாதவர் அல்லர் அம்மக்கள். சாமையும் தினையும் விதைத்து அறுத்து, கடுக்காயும் புளியும் தேனும் கொண்டு சந்தைக்கு இறங்கி, பண்டத்திற்குப் பண்டம் மாற்றிய வாழ்க்கை கணக்கில்லாமல் நடவாது. ஆனால் அக்கணக்கு வாயிலேயே இருந்தது, ஏட்டில் ஏறவில்லை. அடிவாரத்து வணிகனிடம் ஏடு இருந்தது. ஒருவன் நாவிலும் மற்றவன் ஏட்டிலும் கணக்கு வைத்தால் வழக்கு வரும்போது எது வெல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று மலையில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. வெள்ளிமலையில் ஏகலவ்யா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளியும் உண்டு. (பெருவிரல் நுனியால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுவது நம் பழைய வழக்கம்; பெருவிரலை இழந்தவன் பெயரைக் கல்விச்சாலைக்கு இட்டவர்கள் இதை எண்ணியிருக்கமாட்டார்கள்.) 2022இல் தமிழ்நாட்டரசு முதல் மூன்று வகுப்புகளுக்கென ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது வள்ளுவர் இணைத்த இணை மீண்டும் பள்ளியின் வாயிலில் வந்து நின்றது. அத்திட்டத்தில் படிக்கும் குழந்தைகள் சில ஆண்டுகளில் மாறிகளையும் கெழுக்களையும் காண்பர். இருநூறு என்பதில் பெருக்கலும் நூற்றிரண்டு என்பதில் கூட்டலும் ஒளிந்திருப்பதை அதற்குள் அவர்களுக்குச் சொல்லப்போவது தமிழாசிரியரா, கணித ஆசிரியரா என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

வெள்ளிமலையைத் தன்னுள் கொண்ட கள்ளக்குறிச்சி, விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமானது 2019இல். அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த ஒருங்குறியின் பன்னிரண்டாம் பதிப்பில் பழந்தமிழ்ப் பின்னங்கள், அளவைகள் முதலியவற்றுக்கான குறிகள் ஐம்பத்தொன்று இடம்பெற்றன. அவ்வரிசையில் முதலில் நிற்பது முந்திரி.